தாய்மாமன் (விருப்பம் இருந்தால்)

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் ஒரு குறை உண்டு. தாங்கள் என்ன செய்கிறோம் என்பது வீட்டில் ஒருத்தருக்கும் புரியவில்லை என்று புலம்புவார்கள். நானும் அப்படிப் புலம்பியவள்தான். புரியாமல் இருக்கும்வரைதான் நாம் நிம்மதியாக இருக்கலாம், புரிந்துவிட்டால் வீடு ரெண்டுபடும் என்பது என் கல்யாணத்துக்கு முந்தைய மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீடு திருநெல்வேலி டவுணில், ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. நான் வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதுபோக, சம்பளமே இல்லாத இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். (சம்பளம் வந்த வேலையைவிட இதில்தான் எனக்குச் சுறுசுறுப்பு அதிகம். என் மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கருப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டும்போது அதன் பின்னால் நாலு விவரமும் சேர்த்துத் தட்டுவோம், எந்தக் கோப்பு, எத்தனை பிரதி என்று. அந்த விவரங்களைப் பிரித்துப் படித்து, எது விட்டுப்போனது, எது தப்பு என்று கண்டுபிடித்து, 'இதைச் சொல்லாவிட்டால் நான் ஓடமாட்டேன்' என்று அடம்பிடிப்பதற்கென்றே ஒரு லைப்ரரி, அதாவது மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ள எழுதிவைத்த புரோகிராம் தொகுப்பு, இருந்தது. ஃபங்ஷனல் வகைக் கம்ப்யூட்டர் மொழி ஒன்றில், ஹென்ரிக் என்ற வெளிநாட்டுப் பெரியவர் எழுதியது. அந்த வகை மொழிகளில் ஒரு பெயருக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. என் மாமாவின் கோபமும் அதே வகை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஹென்ரிக் எழுதியதோடு சரி. மற்றவர்கள் அதை ஒற்றை வரியில் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ள வேண்டுமென்றால் யாராவது அதை ஒரு பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். அது எந்தப் பதிப்போடு ஒத்துப்போகும், எதோடு மல்லுக்கு நிற்கும் என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டும். அதை நான் செய்தேன். இதை அம்மாவிடம் பெருமையாக விளக்கியபோது, "பார்சல் கட்டுததுக்கா ஏட்டி இஞ்சினீரிங் படிச்ச?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்காய் நறுக்கப் போய்விட்டாள்.

வேலை முடியும் தறுவாயில் ஹென்ரிக்கிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைக் கொடுத்தால் திரையில் வரிகள் ஒழுங்காக உட்காருமா? நம் எழுத்துகளில் 'ர' ஒல்லி, 'ணௌ' குண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே அகலம் என்று நினைக்கிற கருப்புத் திரை தள்ளாட ஆரம்பித்துவிடும். சரி, தமிழிலேயே ஒரு உதாரண புரோகிராம் எழுதிச் சேர்த்துக் காட்டிவிடுவோம் என்று முண்டாசு கட்டினேன். உலகம் முழுக்கப் போகிற பேக்கேஜில் தமிழ்! நினைக்கும்போதே எனக்குப் புல்லரித்தது.

என்ன உதாரணம் எழுதுவது? வீட்டில் காலையில் இருந்து ராத்திரிவரை என் கல்யாணப் பேச்சுதான். அதனால் கல்யாணப் பத்திரிகை எழுதித் தரும் புரோகிராம் ஒன்று எழுதினேன். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம் எல்லாம் கொடுத்தால் பத்திரிகை வாசகம் அச்சாகி வரும். மாதிரிக்கு என் கல்யாண விவரத்தையே போட்டுவைத்தேன்.

இந்த லைப்ரரியில் ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் அது கட்டாயமா, விருப்பமா என்று குறிக்க வேண்டும். பெண் இல்லாமல் கல்யாணம் ஏது? கட்டாயம். மாப்பிள்ளை? கட்டாயம். மண்டபம்? கட்டாயம். 'விருப்பம்' என்பதைக் காட்டவும் ஒரு உதாரணம் வேண்டுமே! எந்தச் சனியன் என் விரலில் வந்து உட்கார்ந்ததோ, 'தாய்மாமன்' என்று தட்டி, பக்கத்தில் 'விருப்பம் இருந்தால். விட்டாலும் பாதகமில்லை' என்று எழுதினேன்.

அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருப்பேன். பேக்கேஜை யார் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டாலும், போட்டு முடித்ததும் இந்த உதாரணம் கட்டாயம், விருப்பம் என்ற குறிப்புகளோடு ஒருமுறை திரையில் ஓடிக் காட்ட வேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். (விவரம் தெரிந்தவர்கள் யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள். எனக்கு அப்போது விவரத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது.) ஹென்ரிக் தமிழ் எழுத்துகளைப் பார்த்து, என்ன அழகு, என்ன வளைவு என்று பாராட்டி, ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாமல் ஒப்புதல் கொடுத்துவிட்டார். பேக்கேஜ் உலகத்துக்கு வந்துவிட்டது.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மொட்டை மாடிக்குப் போய் நெல்லையப்பர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். இந்தச் சந்தோஷத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய சொந்தம் ஒன்றே ஒன்றுதான் எனக்கு உண்டு. என் மாமா மகள் வள்ளி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். அவளைக் கூப்பிட்டு, "வள்ளி, என் பேக்கேஜ் வந்துட்டு. ஒடனே போட்டுப் பாரு!" என்றேன். நானே கூப்பிட்டுச் சொன்னேன் என்பதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வள்ளியின் அப்பாதான் சங்கரலிங்கம் மாமா. என் அம்மாவின் தம்பி. ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் மொத்த வியாபாரம். என்னைப் பற்றி அவர் அங்கே அளந்துவிடுவதைக் கேட்டால் எனக்கே கூச்சமாக இருக்கும். "எம் மருமவ ஒரு பட்டனத் தட்டுனா அமெரிக்காக்காரன் எந்திரிச்சி நிப்பாம்வே" என்று லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். என்னை இவ்வளவு நம்பிய மனிதர் வேறு யாரும் கிடையாது, நான் உட்பட.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு முறை உண்டு. முதல் பத்திரிகை நெல்லையப்பர் பாதத்தில். அடுத்தது தாய்மாமனுக்கு. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் தாம்பாளத்தோடு நேரில் போய் வைக்க வேண்டும். அதுவரை வேறு யார் கண்ணிலும் பத்திரிகை படக்கூடாது. (அச்சடிப்பவர் கண்ணை மட்டும் கட்ட முடியாது என்பதால் அவருக்கு விலக்கு.) எங்கள் பத்திரிகையோ இன்னும் அச்சுக்கே போகவில்லை.

வள்ளி பேக்கேஜைப் போட்டாள். திரையில் உதாரணம் ஓடியது. அந்தப் பிள்ளை சந்தோஷத்தில் திரையை அப்படியே படமெடுத்து, 'மைனி கல்யாணப் பத்திரிகை உலகம் பூரா வந்தாச்சு, பாத்தியளா அப்பா?' என்று எழுதி மாமாவுக்கு அனுப்பிவிட்டாள். ஒரு சூதும் கிடையாது அவளிடம்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் போன் அடித்தது. மாமா பேசினால் ஸ்பீக்கரே தேவையில்லை. எல்லாம் எனக்கும் கேட்டது.

"அக்கா, பத்திரிக வந்துட்டு."

"எங்கன வந்துச்சு? இன்னும் அச்சுக்கே குடுக்கலியே லே."

"ஒனக்குத்தான் தெரியல. பெங்களூருக்கு வந்துட்டு. அமெரிக்காவுக்கு வந்துட்டு. ஸ்ரீவைகுண்டத்துக்குத்தான் பஸ் இல்ல போலுக்கு."

"என்னலே பேசுத நீ?"

"அதுல என்னையப் பத்தியும் போட்டிருக்கு. தாய்மாமன் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரியாம். விருப்பம் இருந்தா வச்சிக்கிடலாமாம். விட்டாலும் பாதகமில்லையாம். ஒம்மவதான் எழுதியிருக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"மண்டபம் கட்டாயமாம் அக்கா. மண்டபம்! செங்கலும் சிமிண்டும் கட்டாயம், ஒங்கூடப் பொறந்தவன் விருப்பம்." மாமாவின் குரல் கடைசியில் லேசாக உடைந்தது. "நான் வரல. அந்த மண்டபத்தையே வந்து மால எடுத்துக் குடுக்கச் சொல்லு."

போன் வைக்கப்பட்டது. அம்மா தலையில் கைவைத்தாள். "ஏட்டி, பார்சல் கட்டுதேன் பார்சல் கட்டுதேன்னு என் பொறந்த வீட்டயே கட்டி அனுப்பிட்டியேட்டி!"

எங்கள் வீடுகளில் பெண்ணுக்கு மாலை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். அவர் வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது இருக்கட்டும். மாமா இல்லாத மணவறையில் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவேன்? அவர் உள்ளபடியே நொந்துபோயிருந்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உடனே நான் செய்த மடத்தனம், மாமாவைக் கூப்பிட்டு விளக்கம் சொன்னது. "மாமா, அது சும்மா ஒரு உதாரணத்துக்குப் போட்டது" என்றேன். "அப்பம் இளக்காரத்துக்கு நாந்தான் கெடச்சேனா?" என்றார். "இல்ல மாமா, எல்லாத்தையும் கட்டாயம்னு போட்டா விருப்பம்னா என்னன்னு காட்ட முடியாதுல்லா" என்றேன். "பந்திக்கு ஐஸ்கிரீம் வைக்கதப் போட்டிருக்கலாம்லாட்டி விருப்பம்னு!" என்றார்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அதிகம் பேசமாட்டார். "கெளம்புங்க, நேர்ல போவோம்" என்றார். மறுநாள் காலையில் அப்பா, அம்மா, நான், என் லேப்டாப் எல்லோரும் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸில் ஏறினோம். பத்திரிகை இல்லாததால் வெறும் வெற்றிலை, பாக்கு, பூ. தாம்பாளத்தில் பழம் இல்லாமல் எப்படி என்று அப்பா ஜங்ஷனில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கினார். வாழைத்தார் வியாபாரி வீட்டுக்கு வாழைப்பழம் வாங்கிப்போகிறோம் என்பது பதற்றத்தில் மூன்று பேருக்கும் உறைக்கவில்லை.

மாமா வாசலுக்கு வரவில்லை. அத்தைதான் "வாங்க, வாங்க. வா கோமதி" என்று என்னையும் சேர்த்துக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள். மாமா நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். அம்மா தாம்பாளத்தை முன்னால் வைத்தாள். பேப்பர் பைய ஒரு சாண் இறங்கியது. மாமாவின் கண் நேராகப் பழத்தில் விழுந்தது.

"அத்தான், இது யார்ட்ட வாங்குனது?"

"ஜங்ஷன்ல" என்றார் அப்பா, பலவீனமாக.

பேப்பர் மறுபடியும் ஏறிவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்தேன். "மாமா, தப்புதான். மாத்திருதேன்" என்றேன்.

"எப்பம்?"

"வீட்டுக்குப் போன ஒடனே."

"அதெல்லாம் ஆவாது. எம் முன்னால, இங்கன உக்காந்து மாத்து. ஒலகத்துக்கே சொன்னேல்லா? ஒலகத்துக்கே மாத்திச் சொல்லு. பொறவு பாப்போம், வாரதா வேண்டாமான்னு."

மாற்றுவது ஒரு வார்த்தைதான். ஆனால் பேக்கேஜில் ஒரு வார்த்தை மாறினாலும் காரணம் எழுதி, ஹென்ரிக்கின் ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டுக்குள் சிக்னல் வராது என்று அத்தை சொன்னதால் மொட்டை மாடிக்குப் போனேன். பின்னாலேயே மாமாவும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து தண்ணீர்த்தொட்டி நிழலில் போட்டு உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் அணைக்கட்டில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

'தாய்மாமன்: கட்டாயம்' என்று மாற்றி, ஹென்ரிக்குக்கு நிலைமையை விவரமாக எழுதினேன். எங்கள் ஊரில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது, இப்போது என் கல்யாணமே இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது என்றேன். மனிதர் சீக்கிரமே பதில் போட்டார். வருத்தமெல்லாம் தெரிவித்துவிட்டு, கடைசியில் வேலை சம்பந்தமான கேள்வி ஒன்று கேட்டிருந்தார். பெண்ணுக்குத் தாய்மாமனே இல்லையென்றால் புரோகிராம் என்ன செய்ய வேண்டும்?

தமிழில் மாமாவிடம் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெப்படி இல்லாமப் போவும்? ஒண்ணுவிட்டவன் இருப்பான், ரெண்டுவிட்டவன் இருப்பான். மாமன் மொறைக்கு ஒருத்தன் கெடைக்காமலா போயிருவான்? தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லு." அப்படியே எழுதினேன்.

அடுத்த கேள்வி வந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மாமன்கள் இருந்தால்?

"மூத்தவன் பேரு மொதல்ல, எளையவன் பேரு பொறவு. இதுகூடவா தெரியாது அந்த ஆளுக்கு?" என்றார் மாமா. அவருக்கும் ஒரு தம்பி உண்டு. மும்பையில் இருக்கும் ஆவுடையப்பன் மாமா.

நியாயமான கேள்வி, நியாயமான பதில். எத்தனை மாமன்கள் பெயரை வேண்டுமானாலும் அடுத்தடுத்துக் கொடுக்கலாம் என்று திருத்தினேன். மாமாவைத் திரைக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, முதலில் சங்கரலிங்கம், அடுத்து ஆவுடையப்பன் என்று தட்டி, ஓட்டிக் காட்டினேன்.

திரையில் ஆவுடையப்பன் பெயர் முதலில் வந்தது.

"ஏட்டி!" என்று மாமா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் விழுந்தது. "எளையவன் பேரு முன்னால நிக்கி! என்னைய வச்சிக்கிட்டே செய்யுதியே!"

சத்தம் கேட்டு அம்மா மாடிக்கே ஓடிவந்துவிட்டாள். மறுபடி தட்டினேன். மறுபடியும் ஆவுடையப்பன் மாமா மும்பையிலிருந்து முந்திக்கொண்டு வந்து நின்றார். என் தப்பா என்று வரி வரியாகத் தேடினேன். என் தப்பு இல்லை. லைப்ரரியின் தப்பு! அந்த வகை மொழிகளில் ஒரு வரிசையில் புதிதாக வருகிறவரைத் தலைப்பக்கத்தில்தான் சேர்ப்பார்கள், கடைசியில் ஒருமுறை வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். ஹென்ரிக் திருப்ப மறந்திருந்தார். அந்த லைப்ரரியைப் பயன்படுத்திய ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. யார் பெயர் முதலில் வருகிறது என்பது அவர்கள் யாருக்கும் மானப் பிரச்சினையாக இருந்ததில்லை.

திருத்தி எழுதினேன். ஓட்டினேன். சங்கரலிங்கம் முதலில், ஆவுடையப்பன் பிறகு. மாமா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தடவ ஓட்டு" என்றார். ஓட்டினேன். "ம்" என்றார்.

ஹென்ரிக் வெட்கப்பட்டார், நன்றி சொன்னார், எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கொடுத்தார். பிழையைக் கண்டுபிடித்தவர் பெயரைக் குறிப்பில் சேர்ப்பது வழக்கம், யார் பெயரைப் போடலாம் என்றும் கேட்டார். நான் மாமாவைப் பார்த்து, உங்கள் பெயரைத்தான் போடப் போகிறேன் என்று சொன்னேன்.

"என் பேரா? இதுலயா?"

"ஆமா மாமா. யாரு போட்டாலும் உங்க பேரும் கூடவே போவும்."

மாமா விழுந்துகிடந்த நாற்காலியை நிமிர்த்தி என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "ஊர் பேரும் சேத்துப் போடுதியா?" என்று கேட்டார். 'சங்கரலிங்கம், ஸ்ரீவைகுண்டம்' என்று போட்டேன். ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தார். பிறகு கீழே இறங்கிப் போய்த் தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்து, ஜங்ஷன் பழம் ஒன்றை உரித்துத் தின்றார். "சுமார்தான்" என்றார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு மாமா முதல் ஆளாக வந்தார். மண்டபத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உள்ளேயே நுழைந்தார். மாலையைக் கையில் எடுத்தவர் உடனே கொடுக்கவில்லை. நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்கும் குரலில், "ஏட்டி, நான் இல்லாம ஓடுமா?" என்றார். "ஓடாது மாமா" என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து, என் கல்யாண வீடியோவில் அந்த இடத்தில் நான் பார்க்கச் சகிக்கமாட்டேன். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுகிறேன். அந்தப் பேக்கேஜ் இன்றைக்கும் உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தாய்மாமன் பெயர் கொடுக்காமல் அந்த உதாரணத்தை ஓட்ட எவராலும் முடியாது. நான் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் என் கணவர் அடுக்களையை எட்டிப் பார்த்து, "மாமா பேரக் குடுத்தியா?" என்றுதான் கேட்கிறார்.

போன வருஷம் வள்ளிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகைப் பேச்சுக்கு நானும் ஸ்ரீவைகுண்டம் போயிருந்தேன். அவளுடைய தாய்மாமன், அதாவது அத்தையின் அண்ணன், பாளையங்கோட்டையில் இருக்கிறார். அவருக்கும் எங்கள் மாமாவுக்கும் ஏதோ ஒரு பந்தியில் யார் முதலில் உட்காருவது என்று வந்த தகராறில் பேச்சுவார்த்தையே கிடையாது. "அவனுக்குப் பத்திரிகையத் தபால்ல போட்டாப் போதும்" என்று மாமா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அத்தை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வள்ளிக்கு மட்டும் கண்ணைக் காட்டினாள். வள்ளி லேப்டாப்பை விரித்து, பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், மண்டபம் எல்லாம் கொடுத்து, தாய்மாமன் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஓட்டி, திரையை அப்பா பக்கம் திருப்பி வைத்தாள். 'பிழை: தாய்மாமன் கட்டாயம். இவர் இல்லாமல் ஓடாது' என்று வந்தது.

மாமா அதைப் படித்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏட்டி கோமதி, இதக் கொஞ்சம் விருப்பம்னு மாத்த முடியுமா?"

"முடியும் மாமா. ஹென்ரிக்குக்குக் காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

மாமா என்னைப் பார்த்தார், வள்ளியைப் பார்த்தார், அத்தையைப் பார்க்கவில்லை. மீசையைத் தடவிவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார்.

"தாம்பாளத்த எடுளா" என்றார் அத்தையிடம், "பாளையங்கோட்டைக்குப் போவணும்."